நோக்கியா என்ற ஊர்: செத்ததா, இருக்கிறதா?

9 அக்டோபர் 2023, வாசகர் கேள்வி

நோக்கியா என்பது ஃபின்லாந்தில் ஒரு ஊரின் பெயர், அந்த மொழியில் அதற்குக் கரி என்று அர்த்தம், போன் கம்பெனி அங்கேதான் பிறந்தது என்று படித்தேன். கம்பெனி படுத்ததும் ஊரும் படுத்துவிட்டதாம், பூட்டிய வீடுகள்தானாம். அங்கே இருப்பவர் யாராவது உண்டா? உண்மையா?

9 அக்டோபர் 2023, இரவு

இருக்கிறேன். நாலு வருடமாக இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். வேலை டாம்பெரேவில், 15 கிலோமீட்டர் கிழக்கே. வாடகை இங்கே குறைவு, அவ்வளவுதான் காரணம்.

ஊர் சாகவில்லை. சுமார் 35,000 பேர் இருக்கிறோம். என் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரு புகைபோக்கி, அதில் வெள்ளை ஆவி, ராத்திரியும் போகிறது.

மற்றதெல்லாம் சரிதான். கரி என்று அர்த்தம், 1865-ல் இங்கே ஒரு மரக்கூழ் ஆலையாகக் கம்பெனி தொடங்கியது. போன் மட்டும் இங்கே செய்யவில்லை. அது சாலோ என்ற இன்னொரு ஊர்.

10 அக்டோபர் 2023

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு தப்பு.

ஒன்று, 1865. ஃப்ரெட்ரிக் ஈடெஸ்டாம் என்ற சுரங்கப் பொறியாளர் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்து முதல் ஆலை போட்டது டாம்பெரேவில், தம்மெர்கொஸ்கி என்ற நீர்ச்சரிவின் கரையில். நோக்கியாவுக்கு வந்தது இரண்டாவது ஆலை, 1868-ல். 1871-ல் நண்பர் லியோ மெகெலினோடு சேர்ந்து கம்பெனியைப் பதிவு செய்தபோது இரண்டாவது ஊரின் பெயரை வைத்தார்கள். முதல் ஊரின் பெயரை வைத்திருந்தால் நாமெல்லாம் ‘டாம்பெரே 1100’ வைத்துக்கொண்டு பாம்பு விளையாடியிருப்போம்.

இரண்டு, கரி. நொக்கி என்றால் இன்றைய ஃபின்னிஷில் புகைக்கரிதான், அடுப்புக்கு மேலே கூரையில் படிகிறதே அது. ஆனால் ஊர்ப் பெயர் ஆலைகளுக்கு முந்நூறு வருடத்துக்கும் முந்தியது, புகைபோக்கி வருவதற்கு முன்பே கரி என்று பெயர் வைக்க எந்த ஊருக்கும் தோன்றாது. மர நாய் போல அடர்ந்த கருப்பு ரோமம் உள்ள ஒரு சின்ன விலங்குக்குப் பழைய சொல் ‘நொயிஸ்’. அதன் பன்மையில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள். ரோம வியாபாரம் நடந்த காலத்துப் பெயர். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

உச்சரிப்பு ‘நொக்கியா’. நாம்தான் ‘நோ’ என்று நீட்டுகிறோம். இங்கே நீட்டினால் வெளியூர்க்காரன் என்று உடனே தெரிந்துவிடும். நீட்டாவிட்டாலும் தெரிந்துவிடும், முகம் இருக்கிறதே.

13 அக்டோபர் 2023

“ஏரிகள் நடுவில் தொழிற்சாலை எதற்கு, அழகு கெடாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏரி இருந்ததால்தான் தொழிற்சாலை.

வரைபடத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நாசியார்வி என்ற பெரிய ஏரி. அதிலிருந்து 18 மீட்டர் இறங்கும் சரிவுதான் தம்மெர்கொஸ்கி, அதன் இரு கரையிலும் டாம்பெரே. தண்ணீர் விழுவது புஹாயார்வி ஏரியில். புஹாயார்வியின் மேற்குக் கோடியில் வாய் திறந்து, நொக்கியன்விர்த்தா என்ற சின்ன ஆறாகிச் சுமார் 20 மீட்டர் இறங்கி, குலோவேசி என்ற அடுத்த ஏரிக்குப் போகிறது. அந்த இறக்கத்தில் உட்கார்ந்திருப்பது எங்கள் ஊர். ஏரிக்கு ஏரி படி இறங்கும் தண்ணீர், ஒவ்வொரு படியிலும் ஒரு ஆலை. நம் ஏரிச் சங்கிலிகளில் மதகும் கலிங்கும் இருக்கும் இடத்தில் இவர்கள் சக்கரத்தை வைத்தார்கள்.

மேலே பெரிய ஏரி இருப்பதால் வரத்து திடீரென்று ஏறாது, திடீரென்று வற்றாது. ஆலைக்கு அதுதான் வேண்டும். மரம் சுற்றிலும் காடு. வேறென்ன கேட்கும்?

இப்போது ஆற்றில் சரிவு என்று பார்க்க அதிகம் இல்லை. அணைகட்டி மெலோ நீர்மின் நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நடைப்பயிற்சிக்குப் போனால் கேட்பது கால்வாய்ச் சத்தம்தான்.

13 அக்டோபர் 2023, பின்குறிப்பு

அழகு கெட்டிருக்கிறதா என்றால், கெட்டிருக்கிறது. செங்கல் கட்டடங்கள் எனக்குப் பிடிக்கும், அதனால் என் பேச்சை நம்பாதீர்கள். என் மனைவிக்கு ஊர் பிடிக்காது.

21 அக்டோபர் 2023

சித்தி பெண்ணுக்கு இந்த இழையை அனுப்பினேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஐந்து வருடம் இருந்தாள். 2006-ல் தொடங்கி 2014 நவம்பர் 1-ம் தேதி மூடின ஆலை. அதிகாலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ், முதல் சம்பளத்தில் சித்திக்குப் புடவை, அந்தக் கதையெல்லாம் அவள் சொல்லக் கேட்கணும். அந்த வேலை மேல் இன்னும் பெருமை அவளுக்கு.

“அண்ணா, நீ நிஜமாவே நோக்கியாவுலயா இருக்க? கம்பெனி போட்டோ ஒண்ணு அனுப்பேன்” என்றாள்.

கம்பெனி இங்கே இல்லை என்றேன். நம்பவில்லை. ரயில் நிலையப் பெயர்ப் பலகையை எடுத்து அனுப்பினேன். “இது ஸ்டேஷன். கம்பெனி எங்க?”

நியாயமான கேள்வி. கம்பெனித் தலைமையகம் எஸ்போவில், தலைநகர் பக்கம். டாம்பெரேவில் ஆராய்ச்சி அலுவலகம் உண்டு. நோக்கியா ஊரில் நோக்கியா கம்பெனி இல்லை. ஆனால் தொலைத்தொடர்புக் கருவி செய்யும் நோக்கியா ஆலை சென்னை அருகே இன்றைக்கும் இருக்கிறது, போன் ஆலை மூடியும் அது மூடவில்லை. ஆக, சென்னைப் பக்கம் நோக்கியா உண்டு, நோக்கியாவில் நோக்கியா கிடையாது.

மூடின அந்தப் போன் ஆலையை 2019-ல் வாங்கிய சால்காம்ப், சார்ஜர் செய்யும் கம்பெனி. அதன் ஊர் எது தெரியுமா? சாலோ. முதல் நாள் சொன்னேனே, போன் செய்த ஊர், அதே சாலோ. இதை அவளிடம் சொன்னேன். “அப்ப நீ சாலோவுக்கு வீடு மாத்து” என்கிறாள்.

29 அக்டோபர் 2023

“பிறகு அந்த 35,000 பேர் என்னதான் வேலை செய்கிறார்கள்?”

முக்கால்வாசி நோக்கியாக்காரன் காலையில் டாம்பெரே பஸ் ஏறுகிறான் என்று எழுதப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தவன் இல்லை, நான் ஏறும் பஸ் நிறைந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. விடுங்கள்.

ஊருக்குள் இருப்பதில் பெரியவை இரண்டு. கழிவறைக் காகிதம், டயர். சிரிக்காதீர்கள்.

என் ஜன்னல் புகைபோக்கி காகித ஆலையுடையது. 1868 ஆலையின் வழித்தோன்றல். கை மாறிக் கை மாறி இப்போது எஸிட்டி என்ற சுவீடன் கம்பெனியிடம். இங்கே உருளும் பெயர் லோட்டஸ். தாமரை மார்க் கழிவறைக் காகிதம். (இதை வைத்து யாரும் அரசியல் பேச வேண்டாம், இழையைப் பூட்டிவிடுவார்கள்.) எழுதுகிற தாளை, செய்தித்தாளை நம்பின ஆலை ஊர்கள் எத்தனையோ இந்த நாட்டில் கண் கலங்கி நிற்கின்றன. செய்தியைத் திரையில் படிக்கலாம். இந்தக் காகிதத்துக்குத் திரை மாற்று கிடையாது.

5 நவம்பர் 2023

டயர் பற்றி எழுத உட்கார்ந்தேன், அதற்குள் டயரே எனக்குப் பாடம் எடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, மழை ஈரம் உறைந்து கிடந்த சாலை. கோடை டயரோடு போனேன். பனிக்காலத்து டயருக்கு மாற்ற நேரம் வாங்கியிருந்தது செவ்வாய்க்கிழமைக்கு. வளைவில் பிரேக்கை மிதித்தேன், வண்டி கேட்கவில்லை, சாவகாசமாகப் போய்ப் பக்கத்துப் பள்ளத்தில் உட்கார்ந்தது. எனக்கு அடி இல்லை. பின்னால் வந்த கிழவர் கயிறு கட்டி இழுத்துவிட்டார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. உலகத்தின் முதல் பனி டயர் செய்த ஊரில், நவம்பரில், கோடை டயர்!

முதல் என்றது மிகையில்லை. 1934-ல், லாரிக்காக. 1936-ல் கார்களுக்கு ஹக்கபெலித்தா என்ற பெயரில் வந்தது, இன்றைக்கும் அதே பெயரில் விற்கிறது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னனுக்காகச் சண்டை போட்ட ஃபின்னிஷ் குதிரைப் படையின் பட்டப்பெயர் அது. நான் இப்போது மாட்டியிருப்பது அதுதான், ஆணி வைத்தது. தார்ச் சாலையில் கரகரவென்று அரிசி களைகிற சத்தம்.

6 நவம்பர் 2023

“டயரும் போன் கம்பெனிதானா?” இல்லை, ஆமாம், இல்லை. கதை கொஞ்சம் சுற்றும்.

ரப்பர் ஆலை தனிக் கம்பெனி, 1898-ல் தலைநகரில் தொடங்கியது. 1904-ல் இங்கே இடம் பெயர்ந்தது. ஆற்று மின்சாரம்தான் இழுத்தது. மெகெலினுக்கு மின்சாரத்தின் மேல் ஒரு கண், ஈடெஸ்டாம் ஒதுங்கும்வரை அவர் பாச்சா பலிக்கவில்லை, பிறகு பலித்தது. வந்த ரப்பர்காரர்கள் மெல்ல மெல்லக் காகிதக் கம்பெனியின் பங்குகளையே வாங்கினார்கள், அடுத்துக் கேபிள் கம்பெனியையும். மூன்றும் சட்டப்படி ஒன்றானது 1967-ல்.

இதில் கேபிள் கம்பெனி தலைநகரத்தில் இருந்தது. அதன் மின்னணுப் பிரிவு 1960-ல் தொடங்கியது, போனின் மூலம் அங்கேதான். அதாவது போன் இந்த ஊரின் பிள்ளையே இல்லை. பிறந்தது வேறு வீட்டில், வாங்கியது இந்த வீட்டுப் பெயர். பிள்ளை பெரியாளானதும், 90-களில், இது என் தொழில் இல்லை என்று சொந்த வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டியது. டயர் 1988-லேயே தனிக் கம்பெனி ஆகிவிட்டது. அதனால்தான் 2012-ல் சாலோ போன் ஆலை மூடியபோதும் இங்கே டயர் உருண்டது, காகிதம் சுருண்டது.

முதல் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஊரைப் போன் வாழவைக்கவும் இல்லை, சாகடிக்கவும் இல்லை.

7 நவம்பர் 2023

“பிள்ளை, வீடு” எல்லாம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வரிப் பணம், டாம்பெரே அலுவலகத்தில் வேலை செய்த இந்த ஊர்க்காரர்கள் என்று போன் பணம் இங்கேயும் சொட்டியிருக்கும். என் மாடி வீட்டுக்காரரே அப்படி ஒருவர். ‘சாகடிக்கவும் இல்லை’ என்பதை அவர் முன்னால் சொல்ல மாட்டேன்.

11 நவம்பர் 2023

டயர் பெட்டியில் ‘நோக்கியான்’ என்று இருக்கிறதே, போலியா என்று கேட்டவருக்கு: அசல். கடைசி ‘ன்’ ஆறாம் வேற்றுமை. நோக்கியாவின் டயர். நம் ‘இன்’ போலவே. இந்த மொழியில் எனக்கு முதலில் புரிந்த ஒரே இலக்கணம் இது, அந்த சந்தோஷத்தில் ஒரு வாரம் மிதந்தேன்.

ஏழாம் வேற்றுமை வந்து கீழே இறக்கியது. ஊர்ப் பெயரோடு ‘இல்’ சேர்க்க இரண்டு உருபு, உள்ளே என்று ஒன்று, மேலே என்று ஒன்று. எந்த ஊருக்கு எது என்பது ஊர் ஊராக மனப்பாடம். ஹெல்சிங்கிக்கு உள்ளே. டாம்பெரேவுக்கும் நோக்கியாவுக்கும் மேலே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் “நொக்கியாவுக்குள் குடியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். “கம்பெனிக்குள்ளேயா? படுக்கை தருகிறார்களா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

28 நவம்பர் 2023

ஊரைப் புகழ்ந்தே எழுதுகிறேன் என்று குத்தல் வந்திருக்கிறது. சரி, இன்றைய தேதிக்கே ஒரு கதை இருக்கிறது. 2007 நவம்பர் 28. குழாய் உடைந்து சாக்கடை குடிநீரில் கலந்தது. ஊரே பேதியில் படுத்தது.

29 நவம்பர் 2023

கேள்விப்பட்டதை அப்படியே எழுதிவிட்டேன். மாடி வீட்டுக்காரரிடம் கேட்டால் குழாய் உடையவே இல்லை என்கிறார். விசாரணை அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. உடைந்திருந்தால் மன்னிக்கலாம். கழிவுநீர் நிலையத்தில், சுத்திகரித்து வெளியே விடும் நீரின் குழாயையும் குடிநீர்க் குழாயையும் இணைத்து ஒரு வால்வு. இருக்கவே கூடாத இணைப்பு. பராமரிப்பு வேலையின்போது அதைத் திறந்தார்கள், திறந்தது திறந்தபடி இரண்டு நாள் கிடந்தது. சுமார் 450 கன மீட்டர், அதாவது நாலரை லட்சம் லிட்டர், குடிநீருக்குள் போனது. ‘ஊரே’ என்றதும் தப்பு, அசுத்தம் பரவிய பகுதியில் இருந்தவர்கள் 9,500 பேர் அளவு. நோயுற்றவர்கள் எட்டாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். கொதிக்க வைத்துக் குடி என்ற உத்தரவு அடுத்த பிப்ரவரி வரை நீடித்தது.

மாடி வீட்டுக்காரர் சொன்னது இன்னொன்று. தண்ணீர் மோசம், கடைகளில் புட்டி நீர் தீர்ந்தது, ஆனால் ஊரில் ஒரு பொருளுக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லையாம். எந்தப் பொருள் என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைக் காட்டினார்.

நான் இன்றைக்கும் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறேன். நல்ல தண்ணீர். முதல் மாதம் மட்டும் காய்ச்சிக் குடித்தேன், அது இந்த ஊர்ப் பயம் இல்லை, நம்மூர்ப் பழக்கம்.

2 டிசம்பர் 2023

சரித்திரம் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1596 கடைசியில், தடி தூக்கிய குடியானவர்கள் இந்த ஊர்ப் பண்ணை மாளிகைப் பக்கம் முகாம் போட்டார்கள், படைச் செலவும் வரியும் தாங்காமல். எதிரில் பீரங்கியோடு கிளாஸ் ஃப்ளெமிங், சுவீடன் மன்னனின் ஆளுநராக அப்போது ஃபின்லாந்தை ஆண்டவர். புத்தாண்டை ஒட்டி இங்கே முடிந்துவிட்டது. தலைவன் யாக்கோ இல்க்கா தப்பி ஓடிப் பிடிபட்டுச் செத்தான். தடிப் போர் என்று பெயர்.

6 டிசம்பர் 2023

இன்று இங்கே சுதந்திர தினம், ஜன்னலுக்கு இரண்டு மெழுகுவத்தி. நான் ஏற்றவில்லை, காலையில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மிக்ஜாம் புயல். சித்தி பெண் முடிச்சூரில். இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை.

7 டிசம்பர் 2023

கிடைத்தாள். மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு இருக்கிறார்களாம். கரண்ட் இல்லை. தண்ணீர் இறங்குகிறது. விசாரித்தவர்களுக்கு நன்றி.

17 டிசம்பர் 2023

வேடிக்கை போல ஆரம்பித்து அவள் சீரியஸாகக் கேட்டது: “அண்ணா, உங்க ஊர்ல ரப்பர் பூட்ஸ் பண்ணுவாங்கன்னு எழுதியிருந்தியே?”

எழுதவில்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டும், இந்த இழையில் விட்டுப்போன பெரிய விஷயமே அதுதான். போனுக்கு முன்னால் இந்த நாட்டில் நோக்கியா என்றால் ரப்பர் பூட்ஸ். 1904-ல் வந்த ஆலை காலணிதான் முதலில் செய்தது, டயர் பின்னால் வந்தது. கொந்தியோ என்ற ரகம், கரடி என்று அர்த்தம், வீட்டுக்கு ஒரு ஜோடி இருக்கும். காளான் பறிக்கப் போகிறவர், மீன் பிடிப்பவர், மழை நாளில் பள்ளிக்கூடத்துக் குழந்தை. என் வீட்டிலும் இரண்டு ஜோடி, என்னுடையதில் இடது கால் ஒழுகுகிறது.

அளவு கேட்டிருக்கிறேன்.

5 ஜனவரி 2024

மைனஸ் 25-க்குக் கீழே. புஹாயார்வி உறைந்துவிட்டது, ஆனால் ஆறு ஓடுகிற இடம் உறையவில்லை, தண்ணீரில் இருந்து ஆவி சுவர் மாதிரி எழுகிறது. புகைபோக்கி ஆவி எது, ஆற்று ஆவி எது என்று தெரியவில்லை. பாலத்தில் இரண்டு நிமிடம் நின்றேன், அதற்கு மேல் விரல் தாங்கவில்லை. படம் எடுக்கலாம் என்றால் போன் அணைந்துவிட்டது. நோக்கியா இல்லை, வேறு மார்க்.

14 ஜனவரி 2024

பூட்ஸ் வாங்கிவிட்டேன். 37-ம் அளவு, கறுப்பு. காலில் போட்டுப் பார்க்க ஆள் இல்லாததால் மனைவி போட்டுப் பார்த்து, ஊரைப் பற்றி முதல் நல்ல வார்த்தை சொன்னாள்: “இது நல்லாயிருக்கு.” மார்ச்சில் ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

படம் அனுப்பினேன், விளிம்பில் பெயர் தெரியும்படி. பதில்:

“சூப்பர்ணா. ஆனா இது முழங்கால் வரைக்கும்தானே வருது? இங்க தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சு.”

இடுப்பு வரை வருகிற ரகம் மீன்பிடிக் கடையில் உண்டு. விலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.